உஷார்! மிலிட்டரி வீட்டில் இரண்டாவது ரிட்டயர்மென்ட்

திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலிலும் சுற்றுவட்டாரத்திலும் மிலிட்டரி பென்ஷன் வாங்கும் வீடுகள் இதைத் தள்ளிப்போடாமல் படிக்க வேண்டும்.

1987-இல் இந்திய அமைதிப்படையோடு இலங்கைக்குப் போன இளம் சிப்பாய்களுக்கு இப்போது வயது அறுபதை ஒட்டி. அங்கே சுமார் 1,200 இந்திய வீரர்கள் மாண்டார்கள். தமிழ்ச் சிப்பாய்க்கு வேதனை இரட்டிப்பு: எதிரே துப்பாக்கி பிடித்தவனும், நடுவில் சிக்கி அழுதவளும் அவன் பாஷையே பேசினார்கள். 1990 மார்ச்சில் படை சென்னைக்குத் திரும்பியபோது அன்றைய முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அவருக்கு அரசியல் காரணம் இருந்தது. கப்பலிலிருந்து இறங்கியவனுக்கு அது என்ன ஆறுதல்? வாயை மூடிக்கொண்டு ஊர் சேர்ந்தான். பிறகு பேங்க் செக்யூரிட்டி, நகைக்கடை காவல் என்று காலம் ஓடிவிட்டது.

இப்போது அந்த வேலையும் முடிகிறது. ஆபத்து இங்கேதான். வேலை மும்முரத்தில் அமுங்கிக் கிடந்த போர் நினைவு, சும்மா உட்கார்ந்திருக்கும் பகல்களில் மேலே வரும். முப்பது வருஷம் கழித்துமா? ஆமாம், கழித்தும்தான். கார்கிலுக்கும் காஷ்மீருக்கும் போய் வந்தவர்கள் அடுத்த வரிசையில் இருக்கிறார்கள்.

ராத்திரி அலறி எழுகிறாரா? தீபாவளி வெடிக்கு உடம்பு தூக்கிப் போடுகிறதா? பௌர்ணமி கிரிவலக் கூட்டம் என்றாலே கதவைச் சாத்திக்கொள்கிறாரா? "அவருக்கு எப்பவுமே முன்கோபம்", "மிலிட்டரின்னா குடிக்கத்தான் செய்வாங்க" என்று தள்ளிவிடாதீர்கள். பேயோட்ட இழுத்துக்கொண்டு போகவே போகாதீர்கள்.

தூங்குபவரைத் தொட்டு எழுப்பக் கூடாது, கை ஓங்கிவிடும். தள்ளி நின்று பேர் சொல்லிக் கூப்பிடுங்கள், பேரப்பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். கேன்டீன் ரம்மும் தூக்க மாத்திரையும் சேர்ந்தால் மூச்சே நின்றுபோகலாம். அதற்காகத் தினமும் குடிப்பவரின் பாட்டிலை ஒரே நாளில் பிடுங்கினால் வலிப்பு வரலாம். டாக்டர் சொல்லும் முறையில்தான் நிறுத்த வேண்டும். காவல் வேலைக்காக லைசென்ஸ் துப்பாக்கி வாங்கியவர் வீட்டில் இந்த அறிகுறிகள் தெரிந்தால், துப்பாக்கி அந்த வீட்டில் ஒரு ராத்திரிகூட இருக்கக் கூடாது. போலீஸ் ஸ்டேஷனில் பேசி ஒப்படைக்க ஏற்பாடு செய்யுங்கள்.

ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் முன்னாள் படைவீரர் குறைதீர் கூட்டத்துக்குப் பட்டாவுக்கும் லோனுக்கும் மனு எழுதுகிறோம். தூக்கம் வரவில்லை என்று எழுதியவர் உண்டா? மனநல டாக்டரைப் பார்த்தால் பென்ஷன் போய்விடும் என்று பயப்பட வேண்டாம், போகாது. உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவரைக்கூடக் கேஸ் போட்டுத் தண்டிக்காமல் சிகிச்சை தரச் சொல்கிறது 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம். அதனால் மறைக்காமல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ். அட்டை இருந்தால் அதிலும் மனநல வைத்தியம் உண்டு.

மனநல உதவி எண்ணான 14416-க்கு எந்நேரமும் தமிழில் பேசலாம், காசில்லை. அவர் மறுத்தால் வீட்டுக்காரம்மாவே போன் போடுங்கள். இத்தனை வருஷம் அந்த அலறலுக்குப் பக்கத்தில் படுத்திருந்தவர் நீங்கள். உங்கள் தூக்கத்தைப் பற்றியும் அங்கே பேசலாம்.