சீர்காழி வடிகாலும் ஒரு லேசர் கணக்கும்

2022 நவம்பர் 11. சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. மழை. சம்பா வயலெல்லாம் மூழ்கிப்போச்சு. அந்தத் தண்ணி வடியணும்னா கிழக்கே போய்க் கடலில்தான் கலக்கணும். கடைமடையில் நிலச்சரிவோ ரொம்பக் குறைவு. கடல் கொஞ்சம் உயர்ந்தாலும் வடிகால் திணறும். அதனால் கடல் மட்டம் என்பது நம்ம ஊர்ப் பிரச்சினையும்கூட.

கடல் மட்டம் உலக சராசரியாக ஆண்டுக்கு 3 மி.மீ.க்கு மேல் உயர்கிறது. அலையடிக்கிற கடலில் இந்த மில்லிமீட்டரை எப்படிப் பிடிக்கிறாங்க?

2013 பிப்ரவரி 25 அன்று இஸ்ரோவும் பிரான்ஸும் சேர்ந்து ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 'சரல்' செயற்கைக்கோளை ஏவின. அது சுமார் 800 கி.மீ. உயரத்திலிருந்து கடலை நோக்கி ரேடார் துடிப்புகளை அனுப்பி, திரும்பிவரும் நேரத்தை வைத்து தூரம் கண்டது. இங்கேதான் சிக்கல். நாம நினைச்சதைவிட செயற்கைக்கோள் 1 செ.மீ. கீழே பறந்தா, கடல் 1 செ.மீ. உயர்ந்துட்டதா கணக்கு வரும்! அப்போ செயற்கைக்கோள் இருக்கும் இடத்தை முதலில் துல்லியமா அளக்கணும். ரேடியோ சிக்னல்கள் இதற்கு உதவும். தரையிலிருந்து தூரத்தை நேரடியாகச் சரிபார்ப்பது லேசர்.

தரை நிலையத்துத் தொலைநோக்கி மிகக் குறுகிய லேசர் துடிப்பை அனுப்பும். சரலில் அதற்கென்றே பிரதிபலிப்பான்கள் இருந்தன. உங்க ரூம் மூலையில் இரண்டு சுவரும் தரையும் சேருது இல்லையா? அந்த மூன்றும் கண்ணாடின்னு வச்சுக்கோங்க. எந்தப் பக்கமிருந்து ஒளி வந்தாலும் வந்த திசையிலேயே திரும்பிடும். போய்வந்த நேரத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கி இரண்டால் வகுத்தால் தூரம். அவ்வளவுதான். ஆனால் 1 மி.மீ. துல்லியம் வேணும்னா, ஒரு வினாடியை லட்சம் கோடி பங்காக்கி அதில் சுமார் 7 பங்கு வரை நேரத்தை அளக்கணும்!

சரி, உயரத்தை எங்கிருந்து எண்ணுவது? பூமியின் நிறை மையத்திலிருந்து. 1976-இல் நாசா ஏவிய 'லேஜியோஸ்' 60 செ.மீ. விட்டமுள்ள கனத்த உருண்டை. அதன் மேல் 426 பிரதிபலிப்பான்கள். உள்ளே பேட்டரிகூடக் கிடையாது. சுமார் 5,900 கி.மீ. உயரத்தில் அது சுற்றுவது பூமியின் நிறை மையத்தைத்தான். பல நாட்டு நிலையங்கள் அதை லேசரால் அளப்பதால் அந்த மையம் எங்கே என்று தெரியவருது. ஜிபிஎஸ் காட்டும் உயரத்துக்கும் அடிப்படை இதுதான்.

டெல்டாவில் கடல் மட்டும் மாறுவதில்லை. வண்டல் மண் இறுகும். நிலத்தடி நீரை உறிஞ்சினால் தரையும் தாழும். ஒரு பேச்சுக்கு, கடல் ஆண்டுக்கு 3 மி.மீ. உயர்ந்து தரை 2 மி.மீ. தாழ்ந்தால், வடிகாலுக்கு நஷ்டம் 5 மி.மீ. ஐம்பது வருஷத்தில் 25 செ.மீ.! இரண்டையும் ஒரே மையத்திலிருந்து அளந்தால்தான் இந்தக் கூட்டல் சரியா வரும். சிவில் நண்பர்களே, நாளைக்கு நீங்க ஒரு மதகு டிசைன் பண்ணும்போது இந்த 25 செ.மீ.யையும் சேர்த்துப் பாருங்க.