இரகசியத்தைத் திறந்த இரசாயனவியலாளர்

ஒரு நோய்க்கு மருந்து கண்டுபிடிக்கப்படுவது ஒன்று. அம்மருந்து ஏழையின் கைக்கு எட்டுவது வேறொன்று. இவ்விரண்டுக்கும் இடையிலான தூரத்தைக் குறைத்தவர்களுள் ஒருவராக, பிரான்சு நாட்டு இரசாயனவியலாளர் ஏர்னெஸ்ட் பூர்னோவை நாம் அறிந்திருக்க வேண்டும்.

1872இல் பியாரிட்ஸ் நகரில் பிறந்த இவர், மருந்தாளராகப் பயின்றபின் ஜேர்மனிக்குச் சென்று எமில் பிஷர் போன்ற பேராசிரியர்களிடம் இரசாயனம் கற்றார். செயற்கை மருந்துத் துறையில் அக்காலத்தில் ஜேர்மனியே முன்னின்றது. நாடு திரும்பியதும் புலெங்க் சகோதரர் கம்பனியில் ஆய்வு நடத்தி, சத்திரசிகிச்சையின்போது உடலை விறைக்கச் செய்யும் ஸ்டோவேயின் என்னும் மருந்தை உருவாக்கினார். அது கொக்கெயினைவிட நச்சுத்தன்மை குறைந்தது. பூர்னோ என்றால் பிரெஞ்சு மொழியில் அடுப்பு. அதன் ஆங்கிலச் சொல்லான 'ஸ்டோவ்' என்பதே மருந்தின் பெயராயிற்று.

1911இல் பரிஸ் பஸ்தேர் நிறுவகத்தில் மருந்து இரசாயன ஆய்வுகூடத்தின் பொறுப்பை ஏற்றார். அங்குதான் அவருடைய பெரும்பணி நடந்தது.

ஆபிரிக்காவில் செற்சீ ஈக்கள் பரப்பும் தூக்கநோய்க்கு, ஜேர்மனியின் பேயர் கம்பனி 'பேயர் 205' என்ற மருந்தைக் கண்டுபிடித்திருந்தது. ஆனால் அதன் அமைப்பை இரகசியமாக வைத்துக்கொண்டது. பூர்னோ அக்கம்பனியின் ஆக்கவுரிமைப் பத்திரங்களை நுணுகி ஆராய்ந்தார்; ஒத்த சேர்வைகளைத் தம் குழுவினருடன் ஒவ்வொன்றாகத் தயாரித்துப் பார்த்தார். 1924இல் அதன் அமைப்பை உலகறிய வெளியிட்டார். 'பூர்னோ 309' எனப்பட்ட அம்மருந்தே சுரமின்.

1935இல் ஜேர்மனியின் டோமாக், புரொன்டோசில் என்னும் செஞ்சாயம் கிருமித் தொற்றைக் குணப்படுத்துவதாக அறிவித்தார். ஆனால் சோதனைக்குழாயில் அது கிருமிகளைத் தடுக்கவில்லை. உடலுக்குள் மட்டும் வேலைசெய்தது. ஏன்? அதே ஆண்டில் பூர்னோவின் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த திரெபுவெல் தம்பதியர், நித்தி, பொவே ஆகியோர் விடை கண்டனர். உடலில் அச்சாயம் உடைந்து, நிறமற்ற சல்பனிலமைட்டு என்னும் பொருள் வெளிப்படுகிறது. நோயைத் தீர்ப்பது அதுவே.

இப்பொருளோ 1908இலேயே தயாரிக்கப்பட்டது. அதன் ஆக்கவுரிமையும் காலாவதியாகியிருந்தது. ஆகவே எவரும் அதை மலிவாகத் தயாரிக்கலாம் என்ற நிலை உண்டாயிற்று. பிரசவத்தின்பின் தாய்மாரைக் கொன்ற காய்ச்சல் உட்பட, பல தொற்றுகளுக்குச் சல்பா மருந்துகள் பரவலாகக் கிடைத்தன.

முதற் கண்டுபிடிப்பாளரின் பெருமையை நாம் குறைத்துச் சொல்லவில்லை. 1939இல் டோமாக்குக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது முறையே. 1949இல் மறைந்த பூர்னோவுக்கு அப்பரிசு கிடைக்கவில்லை. அவரிடம் பணிபுரிந்த பொவே 1957இல் பெற்றார். எனினும் ஒரு மருந்து ஏன் வேலைசெய்கிறது என்று கேட்டு, கிடைத்த விடையை ஒளிக்காமல் வெளியிட்டதும் பெருங்கொடையே. விடை வெளியானபோதுதான் மருந்தின் விலையும் இறங்கியது.