கணவன்-மனைவி பிரிந்தால் கடைக் கணக்கு என்னவாகும்?



வணிகர் குடும்பத்தில் கணவன்-மனைவிக்குள் பிணக்கு வந்தால் முதலில் பெரியவர்களைக் கூட்டிப் பேசுகிறோம். ராமநாதபுரம், கீழக்கரை, ராமேஸ்வரம் எங்கும் இதுவே வழக்கம். சமாதானம் ஆனால் நல்லது. ஆகாவிட்டால் முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கி, "இன்றோடு தீர்ந்தது" என்று எழுந்துவிடுகிறோம். உண்மையில் சிக்கல் அன்றுதான் ஆரம்பமாகிறது.

முத்திரைத்தாள் விவாகரத்து ஆகாது

1955-ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டப்படி, திருமணத்தை முறிக்க நீதிமன்றத் தீர்ப்பு வேண்டும். சில சமூகங்களில் வழிவழியாக வந்த தீர்த்துவிடும் வழக்கத்தைச் சட்டம் ஏற்கிறது. ஆனால் அந்த வழக்கத்தைச் சாட்சியத்தோடு நிரூபிக்க வேண்டும். வெறும் பத்திரத்தை நம்பி மறுமணம் செய்தால் 7 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு.

இருவரும் சம்மதித்தால் வழி எளிது. ஓராண்டு பிரிந்து வாழ்ந்தபின் கூட்டாக மனுச் செய்யலாம். ஆறு மாதம் கழித்து இருவரும் மீண்டும் சம்மதம் தெரிவிக்க வேண்டும். தகுந்த வழக்கில் இந்த ஆறு மாதத்தைத் தளர்த்தலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. கிறிஸ்தவர்களுக்குச் சம்மத விவாகரத்து 2001-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வந்தது. முஸ்லிம் பெண்கள் நீதிமன்றம் மூலம் விலக 1939-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஒரே மூச்சில் முத்தலாக் சொல்வது 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

"வியாபாரம் இல்லை" என்றால் போதாது

ஜீவனாம்சம் மதம் பார்த்து வருவதல்ல. பழைய 125-ஆவது பிரிவு 2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 144-ஆவது பிரிவாகியுள்ளது. 125-ஆவது பிரிவு முஸ்லிம் பெண்களுக்கும் பொருந்தும் என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மனைவி தாம் குடியிருக்கும் ஊரிலேயே மனுப் போடலாம்.

நம் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். கடனுக்குச் சரக்குப் போகும். கல்லாவில் காசு விழாது. இது உண்மைதான். ஆனால் வாய்வார்த்தையை நீதிமன்றம் ஏற்பதில்லை. 2020-ஆம் ஆண்டுத் தீர்ப்பின்படி இருதரப்பும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் காட்ட வேண்டும். மனுச் செய்த நாளிலிருந்தே ஜீவனாம்சம் கணக்காகும். தொழிலை மூடிவிட்டதாகச் சொன்ன ஒரு கணவரிடம், உடல் வலுவுள்ளவர் உழைத்தாவது மனைவி மக்களைக் காக்க வேண்டும் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. சரியான பேரேடு வைத்திருப்பவர் தம் உண்மை நிலையைக் காட்ட முடியும். வரவை மறைத்து எழுதியவருக்கு அந்தக் கணக்கே எதிர்ச்சாட்சியாகும்.

நகை யாருடையது?

கொள்முதலுக்குப் பணம் போதாதபோது மனைவியின் நகையை அடகு வைப்பது நம்மிடையே சாதாரணம். பிறந்த வீட்டார் போட்ட நகை அவருக்கே சொந்தம்; அது கடையின் முதல் அல்ல. கஷ்ட காலத்தில் கணவர் அதைப் பயன்படுத்தலாம், ஆனால் திருப்பிக் கொடுப்பது அவர் கடமை என்று 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது 89 பவுன் பற்றிய கேரள வழக்கு. கணவர் 25 லட்சம் ரூபாய் கொடுக்க நேர்ந்தது. ஆகவே நகை அடகுக்குப் போனால் பவுன், தேதி, தொகை மூன்றையும் மனைவி பெயரில் வரவு வைத்து எழுதுங்கள்.

மனைவி பெயரில் கடை

விவாகரத்தானால் சொத்தில் பாதி தானாக மனைவிக்கு வந்துவிடும் என்று நம் சட்டத்தில் இல்லை. ஆனால் பத்திரம் மனைவி பெயரில் இருந்தால் சட்டம் முதலில் அவரையே உரிமையாளராகப் பார்க்கும். ஜி.எஸ்.டி. பதிவு அவர் பெயரில் இருந்தால் வரிப் பொறுப்பும் அவருடையதே. பிரியும்போது பதிவை ரத்துச் செய்யாமலோ மாற்றாமலோ விட்டால், கடையை நடத்தாத பெண்ணுக்கு நோட்டீஸ் போகும். வங்கிக் கடனுக்கு அவர் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால், விவாகரத்தால் அந்தப் பொறுப்பு நீங்காது. வங்கியிடம் எழுத்து மூலம் விடுவிப்புப் பெற வேண்டும்.

பஞ்சாயத்துக்குப் போகும் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பேசுங்கள், சேர்த்து வைக்கப் பாருங்கள். முடியாதபோது நகை, கடன், கடைப் பதிவு, பிள்ளைகள் செலவு என நான்கையும் பட்டியலிட்டு, வழக்கறிஞர் மூலம் நீதிமன்றத்தில் பதியச் செய்யுங்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி கிடைக்கும் என்பதையும் எடுத்துச் சொல்லுங்கள். பாக்கி நிற்காத கணக்குத்தான் நல்ல கணக்கு என்பது நமக்குத் தெரியாததல்ல.