சும்மா கிடப்பதன் கணக்கு

ஆஸ்திரேலியாவின் கோலா ஒரு நாளில் 18 முதல் 20 மணி நேரம் மரக்கிளையின் கவட்டில் உறங்கியும் ஓய்ந்தும் கிடக்கிறது. அந்நாட்டின் வடகரை ஆறுகளில் வாழும் உவர்நீர் முதலையும் சேற்றுத் திட்டில் கட்டைபோலக் கிடந்தே பகலின் பெரும்பகுதியைப் போக்குகிறது. பார்த்தால் இரண்டும் சோம்பேறிகள்தான். ஆனால் ஒன்று வறுமையால் சும்மா கிடக்கிறது. மற்றது செலவே இல்லாததால்.

‘கோலா கரடி’ என்ற பெயர் நிலைத்துவிட்டாலும் கரடிக்கும் அதற்கும் உறவில்லை. கங்காருவைப் போல வயிற்றுப் பையில் குட்டி வளர்க்கும் பாலூட்டி அது. உணவு ஏறக்குறைய முழுவதும் யூக்கலிப்டஸ் இலை. நீலகிரியில் தைலம் காய்ச்சுகிறார்களே, அந்த வகை மரம். இலையில் நார் அதிகம், சத்து குறைவு, போதாததற்கு நஞ்சும் உண்டு. நஞ்சை ஈரல் முறிக்கிறது. நாரைச் சிதைப்பது 2 மீட்டர் வரை நீளும் குருட்டுக்குடலில் வாழும் நுண்ணுயிர்கள். இவை பிறப்பிலேயே வருவதில்லை. ஒரு கிராம்கூட எடையில்லாமல் பிறக்கும் குட்டி சுமார் ஆறு மாதம் பையில் பால் குடிக்கிறது. பிறகு தாய் கழிக்கும் ஒருவகைக் குழைந்த மலத்தை உண்டு அவற்றைப் பெறுகிறது. அருவருப்பாகத் தோன்றலாம், அதில்லாமல் இலை செரிக்காது. இவ்வளவு பாடுபட்டும் கிடைக்கும் ஆற்றல் சொற்பம் என்பதால்தான் அந்த நீண்ட உறக்கம்.

முதலைக்கு அந்தக் கவலையில்லை. உடலைச் சூடாக்க அது இரையை எரிப்பதில்லை, வெயில் போதும். வயிறு நிறைய ஒருமுறை தின்றால் பெரிய முதலை மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். உயிரோடுள்ள ஊர்வனவற்றில் இதுவே பெரியது. 2011இல் பிலிப்பைன்ஸில் பிடிபட்ட ‘லோலோங்’ 6.17 மீட்டர் நீளமும் ஆயிரம் கிலோவுக்கு மேல் எடையும் கொண்டிருந்தது. கடிக்கும் விசை 16,000 நியூட்டனைத் தாண்டுவதாக அளந்திருக்கிறார்கள். வாயைத் திறக்கும் தசையோ வலுவற்றது. மூடிய வாயை ஒரு கயிற்றால் கட்டிவிடலாம். பெண் முதலை 40 முதல் 60 முட்டைகள் இடும். குஞ்சு ஆணா பெண்ணா என்பதைக் கூட்டின் வெப்பம் தீர்மானிக்கிறது. பொரித்த குஞ்சுகளைத் தாய் அதே கொடிய வாயில் ஏந்தித்தான் தண்ணீருக்குக் கொண்டுபோகிறது.

மனிதன் இரண்டையும் தோலுக்காகவே வேட்டையாடினான். 1927இல் குவீன்ஸ்லாந்தில் மட்டும் லட்சக்கணக்கான கோலாக்கள் கொல்லப்பட்டன. முதலைக்கு வடக்கு ஆட்சிப்பகுதி 1971இல் பாதுகாப்பு அளித்தது. அங்கு சில ஆயிரங்களாகச் சுருங்கியிருந்த எண்ணிக்கை இன்று ஒரு லட்சத்தை ஒட்டியிருக்கிறது. ஆறுகள் அப்படியே இருந்ததால் துப்பாக்கி ஓய்ந்ததும் அது மீண்டது. கோலாவுக்கு வேட்டைத் தடை மட்டும் போதவில்லை. காடு வெட்டப்படுவதும், கிளமிடியா நோயும், 2019-20 காட்டுத்தீயும் சேர்ந்து அதை நெருக்கின. குவீன்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ், தலைநகரப் பகுதி ஆகிய இடங்களில் அது 2022இல் அருகிவரும் இனமாக அறிவிக்கப்பட்டது.