வெள்ளத்துக்கு இடம்விட்ட பூங்கா

2011 ஜூலை 2, சனிக்கிழமை. டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனில் மூன்று மணி நேரத்துக்குள் 150 மில்லிமீட்டர் வரை மழை கொட்டித் தீர்த்தது. மழைநீரும் கழிவுநீரும் பெரும்பாலும் ஒரே குழாயில் ஓடும் பழைய நகரம் அது. குழாய் நிரம்பியதும் சாக்கடை எதிர்த்துக்கொண்டு வீடுகளின் நிலவறைக்குள் புகுந்தது. சேதம் சுமார் 600 கோடி குரோனர். வெள்ளம் வடிந்த பிறகு எலிக்காய்ச்சல் கண்டு ஒருவர் இறந்தும் போனார்.

குழாயைப் பெரிதாக்கு என்றுதான் எந்த நகரமும் முதலில் சொல்லும். கோபன்ஹேகனில் கணக்குப் போட்டுப் பார்த்தபோது, நீரைத் தரைமேலேயே பூங்காக்களிலும் தெருக்களிலும் தேக்கி மெதுவாக விடுவது அதைவிட மலிவு என்று தெரிந்தது. 2012இல் மாநகராட்சி தனிப் பெருமழைத் திட்டம் வகுத்தது. ஏறத்தாழ 300 பணிகள், 20 ஆண்டு வேலை.

அந்தத் திட்டத்தில் என்னை மிகவும் ஈர்த்தது அதன் இலக்குதான். நூறு ஆண்டுக்கு ஒருமுறை பெய்யக்கூடிய மழையிலும் சாலையில் 10 சென்டிமீட்டருக்கு மேல் நீர் நிற்கக் கூடாது. அதாவது, நிற்கும் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டார்கள். ‘இனி ஒரு சொட்டுகூடத் தேங்காது’ என்று எந்த மேடையிலும் முழங்காமல், எங்கே எவ்வளவு தேங்கலாம் என்று முடிவுசெய்தார்கள். மரம் நடுவதைவிட இந்த முடிவை எடுப்பதுதான் கடினம்.

வெஸ்டர்ப்ரோ பகுதியின் எங்ஹவ பூங்காவைப் பாருங்கள். சீரமைத்து 2019இல் திறந்தார்கள். விளையாட்டுத் திடலைப் பள்ளமாக்கி, பூங்காவின் மூன்று பக்கமும் ஏரிக்கரைபோல் தாழ்வான சுவர் எழுப்பியிருக்கிறார்கள். மற்ற நாட்களில் அதன்மேல் மக்கள் உட்கார்ந்து பேசுகிறார்கள். பள்ளத்தில் பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள். பெருமழை வந்தால் அதே பூங்கா 22,600 கன மீட்டர் நீரைத் தாங்கும். லிட்டரில் சொன்னால், இரண்டு கோடியே இருபத்தாறு லட்சம்!

ஓஸ்டர்ப்ரோ பகுதியின் டோசிங்க சதுக்கம் இதைவிடச் சிறியது. தாரும் கார்களுமாகக் கிடந்த இடத்தில் இப்போது பள்ளமான தோட்டம். பனிக்காலத்தில் அங்கே சாலைகளில் உப்புத் தூவுவார்கள்; அந்த உப்பு செடிக்கும் நிலத்தடி நீருக்கும் கேடு. அதனால் கூரைநீருக்கு ஒரு வழி, சாலைநீருக்கு வேறு வழி எனப் பிரித்திருக்கிறார்கள். ஊரின் பழக்கம் அறிந்து செய்த வேலை இது. இன்னோர் ஊர் இந்த வரைபடத்தை அப்படியே நகலெடுத்தால் பயன் தராது.

பசுமை மட்டுமே போதும் என்றும் அவர்கள் நினைக்கவில்லை. ஊறிப்போன மண் மேற்கொண்டு குடிக்காது. ஆகவே வெஸ்டர்ப்ரோவிலிருந்து துறைமுகம் நோக்கி நிலத்தடிச் சுரங்கமும் தோண்டத் தொடங்கினார்கள். பூங்கா நீரைப் பிடித்து வைக்கும் நேரத்தில் வெள்ளத்தின் வேகம் தணியும். மிஞ்சுவதைச் சுரங்கம் கடலுக்குக் கொண்டுபோகும்.