வீட்டு மருந்தும் மருத்துவமனை ஏடும்

நோய் தீர்வதற்கு மருத்துவரும் மருந்தும் மட்டும் போதா. நோயாளியும், அவர் அருகிருந்து பேணுவோரும் தத்தம் கடமையைச் செய்தல் வேண்டும். மருத்துவத்தை இவ்வாறு நாற்கூறாக வகுத்துச் சொன்னவர் வள்ளுவர். இந்நான்கும் ஒன்றையொன்று அறியாது நிற்கும் வேளை ஒன்று உண்டு. நோயாளி மருத்துவமனையில் சேர்க்கப்படும் முதல் நாளே அது. அந்நாளில் மருந்துப் பிழைகள் எவ்வாறு நுழைகின்றன, அவற்றைத் தடுக்கும் வழி யாது என்பதை ஈண்டுக் காண்போம்.

சிங்கப்பூரின் கிழக்கே, பாசிர் ரிஸ் வட்டாரத்து வீவக வீடொன்றில் வாழும் மூதாட்டி ஒருவரை உதாரணமாகக் கொள்வோம். இரத்தக் கொதிப்புக்கு அவர் பலதுறை மருந்தகத்தில் மாத்திரை வாங்குகிறார். முடக்குவாதத்துக்குச் சிறப்பு மருத்துவர் ஒருவர் மருந்து தருகிறார். கண்ணழுத்த நோய்க்குச் சொட்டு மருந்து தருபவர் கண் மருத்துவர். அவசரத்துக்குக் கீழ்த்தளத்துத் தனியார் மருந்தகம் உண்டு. இருமலுக்கென்று மகள் சிராங்கூன் சாலைக் கடையில் அதிமதுரம் வாங்கிக் கொடுத்திருக்கிறாள். இவை அனைத்தும் ஒருங்கே கூடியிருக்கும் இடம் அவர் வீட்டுச் சமையலறை அலமாரி ஒன்றே. ஓரிரவு மூச்சுத் திணறி அவரை ஆம்புலன்ஸில் ஏற்றுகிறார்கள். மூதாட்டி போகிறார், அலமாரி வீட்டிலேயே நின்றுவிடுகிறது.

என்னென்ன மருந்து உண்கிறீர்கள் என்று மருத்துவர் வினவுகிறார். திணறும் மூச்சுக்கிடையே நினைவுக்கு வந்ததே விடையாகிறது. அவ்விடையே மருத்துவமனை ஏட்டில் ஏறுகிறது. பிழைகள் இங்குதான் பிறக்கின்றன. அவற்றை மூவகையாகப் பகுக்கலாம்.

முதலாவது, விடுபடுதல். இதுவே மிகுதியாக நிகழ்வது. கனடாவின் டொரான்டோ நகர மருத்துவமனை ஒன்றில் 151 நோயாளரை ஆராய்ந்து 2005ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்கு 54 பேரிடம் கருதாமல் நேர்ந்த மருந்து மாறுபாடு ஒன்றேனும் காணப்பட்டது. அம்மாறுபாடுகளுள் ஏறக்குறையப் பாதி, வழக்கமாக உண்ணும் மருந்து விடுபட்டதேயாகும். கண்ணில் இடுவதையும் மூக்கில் உறிஞ்சுவதையும் மருந்தென்று பலர் எண்ணுவதில்லை. ஆனால் கண்ணழுத்தத்துக்குத் தரும் டிமோலால் சொட்டு மருந்து இரத்தத்தில் கலந்து, ஆஸ்துமா உடையவர்க்கு மூச்சுக் குழலைச் சுருக்க வல்லது. நம் மூதாட்டியின் திணறலுக்கு அதுவே காரணமாயின், அதனைச் சொல்லாமல் விட்டதனால் நோயின் மூலமே மறைந்துவிடும் அன்றோ?

இரண்டாவது, இரட்டித்தல். ஒரே மருந்துக்குப் பொதுப் பெயர் ஒன்றும் வணிகப் பெயர் ஒன்றும் இருப்பதுண்டு. அம்லோடிபின் என்பதும் நார்வாஸ்க் என்பதும் ஒன்றே. வீட்டு மாத்திரை ஒரு பெயரிலும் மருத்துவமனை மாத்திரை மறு பெயரிலும் சேர்ந்தால், இரத்த அழுத்தம் அளவுக்கு மீறித் தாழும்.

மூன்றாவது, அளவும் காலமும் மாறுதல். முடக்குவாதத்துக்கு உரிய மெத்தோட்ரெக்ஸேட்டை வாரம் ஒருமுறை மட்டுமே உண்ண வேண்டும். அதனை நாள்தோறும் என்று எழுதிவிட்டால் எலும்பு மச்சை கெட்டு, உயிருக்கே இறுதி வரலாம். இப்பிழையால் பல நாடுகளில் உயிர்கள் மாண்டிருக்கின்றன.

நாட்டு மருந்தைப் பலர் கூச்சத்தால் மறைக்கின்றனர். நெடுநாள் மிகுதியாக உண்ணும் அதிமதுரம் இரத்தக் கொதிப்பை ஏற்றி, உடலின் பொட்டாசியத்தைக் குறைக்கும். ஆகவே அதுவும் ஏட்டில் ஏற வேண்டியதே.

இனி, மாறுபாடு யாவும் பிழை எனக் கொள்ளலாகாது. சிறுநீரகம் தளர்ந்தபோது நீரிழிவுக்குரிய மெட்ஃபார்மினை மருத்துவர் தெரிந்தே நிறுத்துவார். ஆனால் நிறுத்திய காரணத்தை எழுதாவிட்டால், வீடு திரும்பியபின் அதனைத் தொடர்வதா விடுவதா என்று எவர்க்கும் விளங்காது.

இக்குறையைக் களையும் முறைக்கு மருந்து ஒப்புநோக்கல் என்று பெயரிடலாம். வணிகர் தம் பேரேட்டையும் வங்கிக் கணக்கையும் வரிக்கு வரி ஒத்துப் பார்ப்பது போன்றது இது. முதலில் நோயாளியையும் குடும்பத்தாரையும் வினவி, மருந்துப் புட்டிகளையும் பழைய பதிவுகளையும் பார்த்து, முழுப் பட்டியல் ஒன்றை ஆக்குவர். பின்னர் அதனை மருத்துவமனையில் எழுதிய மருந்துகளோடு ஒப்பிடுவர். வேறுபாடு ஒவ்வொன்றுக்கும் காரணம் கண்டு, திருத்தவோ குறிக்கவோ செய்வர். வேறு வார்டுக்கு மாற்றும்போதும் வீட்டுக்கு அனுப்பும்போதும் மீண்டும் ஒப்புநோக்குவர். இம்முறையையும் உள்ளடக்கி உலகச் சுகாதார நிறுவனம் 2006இல் தொடங்கிய திட்டத்தில் சிங்கப்பூரும் பங்கு கொண்டது. மருந்தினால் நேரும் தவிர்க்கக்கூடிய பெருந்தீங்கை ஐந்தாண்டுகளில் பாதியாகக் குறைப்பது என்னும் இலக்கை அந்நிறுவனம் 2017இல் உலகின்முன் வைத்தது.

சிங்கப்பூரில் 2011 முதல் தேசிய மின்னியல் சுகாதாரப் பதிவேடு இயங்கி வருகிறது. பதிவேடு இருக்க, அலமாரி எதற்கு எனலாம். பதிவேடு அறிவது எழுதித் தந்த மருந்தையே. உண்ட மருந்தை அன்று. தலை சுற்றுகிறதென்று மூதாட்டி மாத்திரையைப் பாதியாக உடைத்து உண்டதையும், அதிமதுரக் கஷாயத்தையும் எந்தக் கணினியும் தானே அறியாது. அவர் தமிழ் மட்டுமே பேசுபவராயின், இடையே நின்று மொழிபெயர்க்கும் பேரப்பிள்ளைக்கு அம்மருந்துகள் தெரிந்திருக்கவும் வேண்டும்.

ஆகவே பேணுவோர் செய்யத்தக்கது ஒன்று உண்டு. உறையிலுள்ள மருந்தின் பெயர், அதன் வலிமை, உண்ணும் வேளை, எந்நோய்க்கு, தந்தவர் யார் என்பவற்றை ஒரு தாளில் எழுதி வைத்தல் நலம். வார மருந்தைக் கோடிட்டுக் காட்டுக. ஒவ்வாத மருந்தையும் அண்மையில் நிறுத்திய மருந்தையும் குறிக்க மறவற்க. உண்மையில் உண்ணும் அளவையே எழுதுக. மருத்துவர் ஒன்றை மாற்றினால் அன்றே தாளையும் மாற்றுக. ஆம்புலன்ஸ் வரும்போது அத்தாளும், சொட்டு மருந்தும் நாட்டு மருந்தும் உட்பட எல்லா மருந்துகளும் அடங்கிய பை ஒன்றும் நோயாளியோடு போகட்டும். அவர் பேச இயலாத வேளையில் அவருக்காகப் பேசுவது அந்தப் பையே.