அடுக்களையின் கிழமைக் கணக்கு

இன்ன நாளில் இன்ன கறி என்று எழுதித் தொங்கவிட்ட அட்டவணை எதுவும் யாழ்ப்பாணத்துப் பழைய குசினிகளில் இருந்ததில்லை. ஆயினும் அங்கே ஒரு திட்டம் இருந்தது. அதனை வகுத்தவை பஞ்சாங்கமும் கடற்காற்றும் வளவில் நின்ற மரங்களும் ஆகும். மனத்தில் வைத்து நடத்தியவர் வீட்டுப் பெண். ஒரு தேங்காயை எத்தனை வேளைக்குப் பங்கிடுவது, நேற்றைய சோற்றை நாளை எவ்வாறு உணவாக்குவது என்பன போன்ற நுண்ணிய கணக்குகளை அவர் தாளும் எழுதுகோலுமின்றியே போட்டார். அக்கணக்கை நாம் கல்வியென்று மதித்ததில்லை. ஆகவே அஃது எழுதப்படாமலே மறைந்து கொண்டிருக்கின்றது.

இக்கணக்கின் அச்சாணி வெள்ளிக்கிழமை. சைவ வீடுகளிற் பெரும்பாலானவற்றில் அன்று மச்சம் புகாது. சில வீடுகளிற் செவ்வாயும் அப்படியே. மச்சச் சட்டி வேறு, மரக்கறிச் சட்டி வேறு. வெள்ளியன்று முன்னது கழுவப்பட்டு ஒரு மூலையிற் கவிழ்ந்து கிடக்கும். இதனைச் சமய ஆசாரம் என்று மட்டும் சொல்லி அப்பாற் செல்வது எளிது. ஆனால் குளிர்ப்பெட்டி இல்லாத காலத்திலே, கிழமைக்கு ஒருமுறை அடுக்களையை முற்றாக வெறுமையாக்கிக் கழுவித் துடைத்துப் புதிதாகத் தொடங்கச் செய்த ஏற்பாடும் அதுவே அல்லவா? வியாழன் இரவுக்குள் மீன்குழம்பு முடிந்தாக வேண்டும். முடியாவிட்டால் எஞ்சிய சோற்றையும் குழம்பையும் வறையையும் ஒரே சட்டியிலிட்டுப் பிசைந்து, சுற்றியிருக்கும் பிள்ளைகளின் கையில் உருண்டை உருண்டையாக வைப்பார்கள். அந்தக் குழையற்சோற்றின் சுவையை வியந்து பேசாத யாழ்ப்பாணத்தவர் அரியர். அதனைப் பிறப்பித்தது அன்பு மட்டுமன்று, வீணாக்கக் கூடாதென்ற கணக்குந்தான்.

வெள்ளியின் மதிய உணவு எளியதெனினும் வறியதன்று. பருப்பு, பூசணிக்காய் அல்லது கத்தரிக்காய்க் குழம்பு, ஒரு கீரை, ஒரு பாற்கறி, சொதி, பொரித்த மிளகாய். முருங்கையிலை வறையோ வல்லாரைச் சம்பலோ வேலியோரத்திலிருந்தே வந்துவிடும். விரதம் இருந்தவர் மறுநாட் காலையிற் பாரணைக்கு அகத்திக்கீரையைச் சேர்ப்பர். வெறும் வயிற்றின் பின் இலைக்கறியை முறையாக உணவிற் புகுத்திய இவ்வழக்கத்தை எந்த மருத்துவரும் பழிக்க மாட்டார்.

சனிக்கிழமை எண்ணெய் முழுக்கு. அன்றைய மிளகுதண்ணீரைப் பற்றியும் ஞாயிற்றுக்கிழமை ஆட்டிறைச்சிக் கறியைப் பற்றியும் போதிய அளவு பேசப்பட்டுவிட்டது. நாம் மேலே செல்வோம்.

பேசப்பட வேண்டியது பிட்டு. இரவுணவிற் பிட்டும் இடியப்பமும் மாறி மாறி வந்தன. இவற்றுக்கு வேண்டிய மாவை நாள்தோறும் ஆக்கியதில்லை. அரிசியை ஊறவைத்து, உரலில் இடித்து, அரித்து, வறுத்துப் பல நாட்களுக்குப் போதுமாக வைத்துக்கொள்வர். கறித்தூளும் அவ்வாறே: செத்தல்மிளகாய், மல்லி, சீரகம், பெருஞ்சீரகம், மிளகு, வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை ஆகியவற்றைப் பக்குவமாய் வறுத்து இடித்துப் போத்தலில் அடைத்துவிட்டால் அந்த மாதத்துக்குக் கவலையில்லை. பெருவேலையை ஒருநாளில் முடித்து, அன்றாட வேலையைச் சுருக்குவதே இதன் சூட்சுமம். தேங்காயும் இவ்விதமே பங்கிடப்பட்டது. ஒரு பாதியைத் துருவினாற் பூ பிட்டுக்கு. மறுபாதியைப் பிழிந்தால் முதற்பால் சொதிக்கு, இரண்டாம் பால் கறியை அவிய விடுவதற்கு. இரவில் எஞ்சிய பிட்டு காலையிற் சம்பலோடும் வாழைப்பழத்தோடும் பலகாரமாகிவிடும். எஞ்சிய சோறு நீரூற்றப்பட்டுப் பழஞ்சோறாகி, வெங்காயத்தோடும் பச்சைமிளகாயோடும் தோட்டத்துக்குப் போவோரின் வயிற்றை நிரப்பும்.

கிழமைக் கணக்கின் மேல் பருவக் கணக்கு ஒன்றும் இருந்தது. மாரியிலே கடல் கொந்தளிக்க, கோடையில் உலர்த்திய கருவாடு அடுப்புக்கு வரும். ஆடி, ஆவணியில் விழும் பனம்பழத்தின் களி பினாட்டாகும். விதைகள் பாத்திக்குப் போகும். தை, மாசியிற் கிண்டிய கிழங்கை அவித்து உலர்த்தினாற் புழுக்கொடியல், பச்சையாகப் பிளந்து உலர்த்தினால் ஒடியல். அந்த ஒடியல் மாவை நீரிலிட்டுக் கசப்புப் போகக் கழுவி, மீன், நண்டு, இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு, முருங்கையிலை எல்லாவற்றையும் ஒரே பானையில் இட்டுக் காய்ச்சிய கூழ், ஊரையே கூட்டவல்லது. பனையோலைப் பிளாவிற் குடித்தாற்றான் அது கூழ் என்பார் எம் முதியோர். கூழின் சுவையைப் புகழ்வோர், பனையில் ஏறியவரையும் பாத்தி கிண்டியவரையும், ஒரே முற்றத்திலே அனைவரும் சமமாக அமர்ந்து அதனைக் குடித்ததில்லை என்பதையும் மறந்துவிடுவது வழக்கம். ஆடிப்பிறப்பின் இனிப்புக்கூழையும் கொழுக்கட்டையையும் நவாலியூர் சோமசுந்தரப் புலவர் சிறுவர்க்குப் பாட்டாக்கித் தந்தமையால் அதுவாவது பாடசாலைகளில் நின்று நிலவுகின்றது. ஒடியற்கூழுக்கு அவ்வதிர்ஷ்டம் வாய்க்கவில்லை.

இத்திட்டம் முதலிற் பெரிதும் குலைந்தது 1942இல் எனலாம். பர்மா யப்பானியர் கைப்பட, அங்கிருந்து வந்த அரிசி நின்றது. பங்கீட்டு அரிசியும் கோதுமை மாவும் பாணும் வீடுகளுட் புகுந்தன. பிட்டிலே வறுத்த கோதுமை மா கலந்தது. பின்னர் அதுவே வழக்கமாயிற்று. கூப்பன் அரிசியின் விலை கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏறியபோது, 1953 ஆகஸ்ட் 12இல் நாடே ஹர்த்தால் செய்தது. அடுக்களைக் கணக்கு அரசியலுக்கு அப்பாற்பட்டதென்று எண்ணுவோர் இதனை நினைவிற் கொள்வாராக. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்திலே குடாநாட்டு வீடுகள் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேநீர் குடித்ததும், விறகடுப்பும் வளவுக் கீரையுமாய் நாட்களைக் கடத்தியதும் இன்றும் பலர் நினைவில் உள்ளன.

2022இல் நெருக்கடி முழுத்தீவுக்கும் வந்தது. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி அவ்வாண்டு செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டது. சமையல் எரிவாயுவுக்குத் தெருவோரம் வரிசை நீண்டது. அப்போது, பாட்டியின் குரக்கன் பிட்டு எப்படி என்று கேட்டவர்களுக்குச் சொல்லித்தரப் பாட்டி இல்லாத வீடுகளே அதிகம். விலை தணியத் தணிய அக்கேள்வியும் ஓய்ந்து போயிற்று.

பழைய முறையை அப்படியே மீட்டல் இயலாது, மீட்கவும் வேண்டா. அதன் சுமை முழுவதும் ஒருத்தியின் தோளில் இருந்தது. எல்லோரும் உண்டபின் எஞ்சியதை உண்டவளும் அவளே. கணவனும் மனைவியும் உழைக்கச் செல்லும் இன்றைய வீட்டில், அதன் எலும்புக்கூட்டை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். மாவை மாதத்துக்கொரு முறை வறுத்து வைத்தல், கிழமையில் இரு நாள் மரக்கறி, ஓரிரவு குரக்கன், ஒருநாள் கஞ்சியோ கூழோ, வியாழன் மாலை குளிர்ப்பெட்டியை வெறுமையாக்கல். பழைய நிறைகளை நம்புவோமாயின், குரக்கன் 100 கிராமில் ஏறக்குறைய 340 மில்லிகிராம் கல்சியம் உண்டு. தீட்டிய வெள்ளையரிசி அதன் அருகிலும் வராது. தேங்காய் துருவுதல் பெண்பிள்ளைக்கே உரிய கலையென எந்த நூலும் விதிக்கவில்லையாதலின், திருவலையில் ஆண்பிள்ளைகளும் அமரட்டும்.

ஆசிரியர்கள் விரும்பினால் மற்றொன்றும் செய்யலாம். விடுமுறைக்குச் செல்லும் மாணவரிடம், வீட்டிலோ அயலிலோ உள்ள முதியவள் ஒருத்தியைக் கேட்டு, அவளது இளமைக்காலத்து ஒரு கிழமையின் இருபத்தொரு வேளை உணவையும் எழுதி வரச் சொல்லலாம். பண்டிகைப் பலகாரங்களை அவள் கேளாமலே சொல்லிவிடுவாள். புதன்கிழமை இரவு என்ன சமைத்தாய், அரிசி போதாத நாளில் யாருக்குக் குறைத்தாய் என்று கேட்டு எழுதி வருபவனுடைய கொப்பியே நமக்கு வேண்டியது.